உடன் ஊழியன் தலையில் ஏற்றிய பழி

(தொழிற்சங்க ஊழியர் பயிற்சி வகுப்பொன்றில் ஆற்றிய உரை, வாசகர்களுக்காக எழுத்து வடிவில்.)



பட்டறை ஒன்றில் பணியாளன் ஒருவனுடைய விரல்கள் பொறியில் சிக்கி அறுந்தன என்று செய்தி வருகின்றது. ஏட்டில் அதற்கு ஐந்து வரி. ஊர், பெயர், வயது, மருத்துவமனை ஆகியவை போக எஞ்சுகின்ற வரி எப்போதும் ஒன்றேதான்: "கவனக்குறைவே காரணம் எனத் தெரிகிறது." எவருடைய கவனக்குறைவு என்று அந்த வரி கூறுவதில்லை. படிக்கின்ற நீங்களும் நானும் அடிபட்டவனுடைய கவனக்குறைவு என்றே எடுத்துக்கொள்கின்றோம். விரலை இழந்தவனே குற்றவாளியாகின்றான். பொறிக்கு உரியவரோ மருத்துவமனைக்கு வந்து, பழமும் ரொட்டியும் கொடுத்து, ஆறுதல் கூறிச் செல்கின்ற அருளாளராகின்றார்!

இவ்வாறு எண்ணும் வழக்கம் நமக்கு இயல்பாக வந்ததன்று. அதற்கு ஒரு பிறப்பிடம் உண்டு. பிறந்த ஆண்டும் உண்டு. நீதிமன்றத்திலே பிறந்து, நூறாண்டுக்கும் மேலாகச் சட்டமாக ஆட்சி செய்து, பின்னர்ச் சட்டத்தினின்றும் விரட்டப்பட்டு, இன்று விசாரணை அறைகளில் குடியேறியிருக்கின்ற ஒரு கோட்பாட்டின் வரலாறு அது. அதனை அறியாமல், வேலையிடப் பாதுகாப்பைப் பற்றி நாம் எத்தனை தீர்மானம் நிறைவேற்றினாலும் அவை தாளோடு நின்றுவிடும் என்பது என் கருத்து.

இங்கிலாந்தின் லிங்கன் மாவட்டத்திலே பௌலர் என்றொரு இறைச்சி வணிகர் இருந்தார். அவரிடம் பிரீஸ்ட்லி என்ற இளைஞன் ஊழியம் செய்தான். 1835ஆம் ஆண்டு சரக்கு வண்டியிலே அவன் அனுப்பப்பட்டான். வண்டியில் அளவுக்கு மீறிச் சுமை ஏற்றப்பட்டிருந்தது. வழியில் வண்டி முறிந்தது; அவன் கீழே விழுந்து, தொடை எலும்பு முறிந்து, படுக்கையில் கிடந்தான். வழக்குத் தொடுத்தான். ஊரார் அடங்கிய நடுவர் குழு, நூறு பவுன் நட்டஈடு கொடுக்குமாறு கூறிற்று. ஊழியன் ஒருவன் தன் எசமானன்மீது இப்படி ஒரு வழக்குத் தொடுத்து வென்றதை அந்நாட்டு நீதிமன்றங்கள் அதற்குமுன் கண்டதில்லை. வண்டியேறி மேல் மன்றத்துக்குப் போனார் வணிகர்.

1837இல் மேல் மன்றத்தில் அபிங்கர் பிரபு தீர்ப்பளித்தார். பிரீஸ்ட்லிக்கு ஒன்றும் இல்லை! ஏன்? இந்த ஒருவனுக்கு நட்டஈடு கொடுத்துவிட்டால், பிறகு எங்கே போய் முடியும் என்று அஞ்சினார் நீதிபதி. வேலைக்காரி ஈரப் படுக்கையை விரித்துவிட்டாள் என்று இன்னோர் ஊழியன் எசமானன்மீது வழக்குப் போடுவானாம். கட்டில் செய்த தச்சன் ஒழுங்காகச் செய்யவில்லை என்று ஒருவன் வருவானாம். சமையற்காரன் செப்புப் பாத்திரத்தை நன்றாகத் துலக்கவில்லை என்று வேறொருவன் வருவானாம். சீமான்களின் மாளிகையிலே சமையலறையும் படுக்கையறையும் என்ன பாடுபடுமோ என்ற கவலையில், முறிந்த தொடையோடு எதிரே நின்றவனை அவர் மறந்துவிட்டார். மேலும் கூறினார்: அந்த வண்டி தாங்குமா, தாங்காதா என்பது எசமானனைவிட ஊழியனுக்கே நன்றாகத் தெரிந்திருக்கும், அஞ்சினால் மறுத்திருக்கலாமே!

மறுத்திருந்தால் மறுநாள் அவனுக்கு வேலை இருந்திருக்குமா என்பதைத் தீர்ப்பு ஆராயவில்லை.

இத்தீர்ப்பிலிருந்து முளைத்ததுதான் "உடன் ஊழியன்" கோட்பாடு. ஒரே முதலாளியிடம் வேலை செய்யும் இருவரில், ஒருவனுடைய பிழையால் மற்றவனுக்குத் தீங்கு நேர்ந்தால், முதலாளிக்குப் பொறுப்பு இல்லை என்பது அதன் சாரம். தெருவிலே போகும் அயலான் ஒருவனை அதே வண்டி இடித்துத் தள்ளினால் முதலாளி பொறுப்பு. வண்டியில் இருக்கும் சொந்த ஊழியனின் கால் முறிந்தால் பொறுப்பு இல்லை. அயலானுக்கு உள்ள உரிமைகூட அடுத்து நிற்பவனுக்கு இல்லை என்ற விந்தை நீதி!

கடலைத் தாண்டி அமெரிக்காவுக்கும் இக்கோட்பாடு சென்றது. பாஸ்டன் – வூஸ்டர் இருப்புப் பாதை நிறுவனத்தில் எஞ்சின் ஓட்டுநராக இருந்தவர் பார்வெல். வழிமாற்றுக் கட்டையைக் கவனித்தவர் செய்த தவறால் எஞ்சின் தடம் புரண்டு, அவர் வலக்கையை இழந்தார். 1842இல் மாசசூசெட்ஸ் தலைமை நீதிபதி லெமுவெல் ஷா, அவருக்கும் நட்டஈடு இல்லை என்றார். ஆனால் இவர் அபிங்கர் பிரபுவைப் போலப் படுக்கை விரிப்பைப் பற்றிப் பேசவில்லை. நுட்பமானவர், பொருளாதாரம் பேசினார். ஓட்டுநருக்கு நாளுக்கு இரண்டு டாலர் கூலி. ஆபத்தான வேலை ஆதலால்தான் கூலி கூடுதல். ஆபத்துக்கான விலை கூலியிலேயே அடங்கிவிட்டது என்றார். உடன் வேலை செய்பவர்கள் ஒருவரையொருவர் கண்காணித்துக்கொண்டால் விபத்துக் குறையும் என்றும் சேர்த்துக்கொண்டார். ஓடுகின்ற எஞ்சினிலே நிற்பவர், எங்கோ தொலைவிலே வழிமாற்றுக் கட்டையருகே நிற்பவரை எந்தக் கண்ணால் கண்காணிப்பார்?

வேடிக்கையாகச் சொல்லவில்லை, அந்த இரண்டு வாதங்களும் இன்றுவரை உயிரோடு இருக்கின்றன. "ஆபத்தான வேலை என்று தெரிந்துதானே சேர்ந்தான், கூலியும் அதிகம்தானே!" என்று பட்டாசுத் தொழிலைப் பற்றியும் கிணறு வெட்டும் தொழிலைப் பற்றியும் பேசுகின்றவர்களை நாம் கேட்டதில்லையா? லெமுவெல் ஷா என்ற பெயரை அவர்கள் அறியமாட்டார்கள். ஆயினும் அவருடைய தீர்ப்பைத்தான் படிக்கின்றார்கள்.

முதலாளியின் வாசலுக்கு இப்படி மூன்று பூட்டுகள் அமைந்தன. உடன் ஊழியன் பிழை என்பது ஒன்று. அடிபட்டவனிடமே சிறு பிழை இருந்தாலும் ஒரு காசும் இல்லை என்பது மற்றொன்று. ஆபத்தை அறிந்தே வேலைக்கு வந்தான், ஆகவே அதற்கு இசைந்துவிட்டான் என்பது மூன்றாவது. இம்மூன்றில் கடைசிப் பூட்டே முதலில் உடைந்தது. 1891இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை முன் வந்த வழக்கிலே, ஒரு தொழிலாளி பாறையைத் துளைத்துக்கொண்டிருந்தார்; அவர் தலைக்கு மேலே பாரந்தூக்கி கற்களைச் சுமந்து ஊசலாடிக்கொண்டிருந்தது. எச்சரிக்கை செய்ய எவரும் இல்லை. கல் விழுந்தது. ஆபத்தை அவர் அறிந்துதானே இருந்தார் என்று வாதிட்டது நிறுவனம். அறிதல் வேறு, இசைதல் வேறு என்று சபை தீர்ப்பளித்தது. கல் தலைக்கு மேலே தொங்குவது தெரிந்தும் ஒருவன் குனிந்து வேலை செய்கின்றான் என்றால், அவன் கல்லுக்குச் சம்மதம் கொடுத்துவிட்டான் என்று பொருளாகாது.

இனி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கு வருவோம். 1911 மார்ச் 24. நியூயார்க் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம், ஆபத்தான தொழில்களில் எவருடைய குற்றம் என்று பாராமல் நட்டஈடு கொடுக்க வகைசெய்த சட்டத்தைச் செல்லாது என்று தள்ளிற்று. குற்றமற்ற முதலாளியின் பணத்தைப் பிடுங்குவது சொத்துரிமைக்கு விரோதம் என்பது தீர்ப்பின் கருத்து. மறுநாள், மார்ச் 25. அதே நியூயார்க் நகரில், முக்கோணம் என்று பொருள்படும் பெயர் கொண்ட டிரையாங்கிள் ஆடைத் தொழிற்கூடத்தின் மாடிகளில் தீப்பிடித்தது. ஒன்பதாம் மாடியில் ஒரு படிக்கட்டுக் கதவு பூட்டிக் கிடந்தது. 146 பேர் மாண்டனர். பெரும்பாலோர் வேற்று நாடுகளிலிருந்து பிழைக்க வந்த இளம் பெண்கள். தீயில் வெந்தவர் பலர்; சன்னல் வழியே குதித்துத் தெருவில் சிதறியவர் பலர். கதவு பூட்டப்பட்டிருப்பது அந்த நேரத்தில் முதலாளிகளுக்குத் தெரியுமா என்பது ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கப்படவில்லை என்று, டிசம்பரில் இருவரையும் நடுவர் குழு விடுதலை செய்தது. 1914இல் உரிமை வழக்குகள் முடிந்தபோது, இறந்த ஒருவருக்கு 75 டாலர் வீதம் கொடுத்தனர். முதலாளிகளுக்குத் தீக்காப்பீட்டிலிருந்து கிடைத்ததோ, இறந்தவர் எண்ணிக்கையால் வகுத்தால், தலைக்கு ஏறத்தாழ 400 டாலர்!

தெரியுமா, தெரியாதா என்ற அந்தக் கேள்வியைக் கவனியுங்கள். கதவைப் பூட்டியவர் மேற்பார்வையாளராக இருக்கலாம். சாவியை வைத்திருந்தவர் மேஸ்திரியாக இருக்கலாம். அறியாமையே முதலாளிக்குக் கவசமாகின்றது. எவ்வளவுக்கு எவ்வளவு அவர் தொழிற்கூடத்தினின்று விலகி நிற்கின்றாரோ, அவ்வளவுக்கு அவ்வளவு அவர் குற்றமற்றவர்.

1913 அக்டோபர் 14 அன்று வேல்சு நாட்டின் செங்ஹெனித் சுரங்கம் வெடித்தது. 439 சுரங்கத் தொழிலாளர் இறந்தனர். மீட்கச் சென்ற ஒருவரும் உயிரிழந்தார். அதே சுரங்கம் 1901இலும் வெடித்து 81 உயிர்களைக் குடித்திருந்தது. காற்றோட்ட விசிறிகளைத் திசைமாற்றி இயக்கக்கூடியனவாக அமைக்க வேண்டும் என்று சட்டம் கெடு வைத்திருந்தது; கெடு கடந்தும் அது செய்யப்படவில்லை. முடிவில் மேலாளருக்கு விதிக்கப்பட்ட அபராதம் 24 பவுன். நிறுவனத்துக்கு முதலில் ஒன்றுமில்லை. மேல்முறையீட்டில் 10 பவுன்! ஓர் உயிருக்கு எத்தனை பென்னி என்று அந்நாளிலே கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. அந்தக் கணக்கை நான் இங்கே போட்டுக் காட்டப்போவதில்லை.

மேலாளருக்கு 24, நிறுவனத்துக்கு 10. உடைமையாளரைவிட ஊழியருக்கே கூடுதல் பழி. அவரை மேலாளராக அமர்த்தியவர் யார், விசிறிக்குப் பணம் ஒதுக்க வேண்டியவர் யார் என்ற கேள்விக்கு விடை காண மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று.

அந்த விடையும் ஒரு சுரங்கத்திலிருந்தே வந்தது. 1933இல் ஸ்காட்லாந்தின் பைப் மாவட்டத்தில், வேலை முடிந்து சுரங்கத்தின் அடியிலிருந்து வெளியேற நடந்துகொண்டிருந்தார் ஒரு தொழிலாளி. ஆட்கள் வெளியேறுகின்ற நேரத்தில் சரக்கு இழுக்கும் பொறியை நிறுத்தி வைக்க வேண்டும். நிறுத்தவில்லை, இயக்கினார்கள். தப்ப வழியின்றி அவர் நசுங்கினார். நிறுவனம் சொன்ன வாதம் கேட்பதற்கு மிக அழகானது: "சுரங்கத்தின் தொழில்நுட்ப நிருவாகத்தில் தகுதிச் சான்று இல்லாத உடைமையாளர் தலையிடக் கூடாது என்று சட்டமே தடுக்கின்றது. ஆகவே தகுதி பெற்ற மேலாளரிடம் ஒப்படைத்துவிட்டோம். மேலாளரும் ஓர் ஊழியர்தானே? உடன் ஊழியர் பிழைக்கு நாங்கள் பொறுப்பல்லவே!"

1937இல் பிரபுக்கள் சபை இவ்வாதத்தைத் தள்ளிற்று. தகுதியுள்ள ஆட்களை அமர்த்துவது, தக்க கருவிகளையும் பொறிகளையும் தருவது, பாதுகாப்பான வேலைமுறையை வகுத்து அதனைக் கண்காணிப்பது ஆகிய இவை முதலாளியின் சொந்தக் கடமைகள். வேலையை மற்றவரிடம் ஒப்படைக்கலாம். கடமையை ஒப்படைக்க முடியாது. மேலாளர் தவறினால், முதலாளியே தவறினார் என்று பொருள். தொழிலாளர் சட்டத்தின் வரலாற்றில் இதற்கு ஈடான வரிகள் சிலவே. 1948இல் இங்கிலாந்தின் நாடாளுமன்றம் உடன் ஊழியன் கோட்பாட்டையே சட்டத்தினின்று அகற்றிற்று. 1837 முதல் 1948 வரை, நூற்றுப் பதினோராண்டுகள்!

நம் நாட்டிலும் அக்கோட்பாட்டை மட்டுப்படுத்த 1938இல் முதலாளிகளின் பொறுப்புச் சட்டம் வந்தது. அதற்கு முன்பே, 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம், எவருடைய பிழை என்று பாராமல் குறிப்பிட்ட தொகையை வழங்க வகைசெய்தது. ஆனால் அச்சட்டத்திலேயே ஒரு சிறு சன்னல் திறந்திருந்தது. உயிரிழப்பு அல்லாத காயங்களில், பொறியின் காப்பைத் தொழிலாளி வேண்டுமென்றே அகற்றினான் என்றோ, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறினான் என்றோ மெய்ப்பித்தால், நட்டஈடு இல்லை. முன்வாசல் வழியே விரட்டப்பட்ட பழைய கோட்பாடு, சன்னல் வழியே எட்டிப் பார்த்தது.

இதனை விளக்க ஒரு பவர் பிரஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே அமர்ந்திருப்போரில் அதனோடு பழகியவர் பலர் இருப்பீர்கள். கீழ் அச்சின்மேல் தகட்டை வைக்க வேண்டும். பெடலை மிதித்ததும் மேல் அச்சு இறங்கி வெட்டும் அல்லது வளைக்கும். துண்டை எடுத்துவிட்டு அடுத்த தகட்டை வைக்க வேண்டும். இறங்கும் அச்சுக்கும் கைக்கும் இடையே ஒரு காப்பு இருந்தால் விரல் உள்ளே போகாது. காப்பு இருந்தால், ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நொடியோ இரண்டு நொடியோ கூடுதலாகச் செலவாகும். கூலியோ துண்டு எண்ணிக்கையில். மாலைக்குள் இத்தனை என்று போர்மன் கணக்குச் சொல்லிவிட்டார். காப்பு ஒரு நாள் கழற்றப்படுகின்றது. கழற்றியவன் தொழிலாளிதான், அவன் கையில்தான் ஸ்பேனர் இருந்தது. ஆனால் அந்த எண்ணிக்கையை வகுத்தவர் யார்? காப்பு கழன்று மூலையில் கிடப்பதை மூன்று மாதமாகக் கண்டும் காணாதவர் யார்? காப்பைக் கழற்றினால் பொறி ஓடாதபடி அமைக்கின்ற மின்பூட்டு உண்டு. இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒருசேர அழுத்தினாலன்றி அச்சு இறங்காத முறையும் உண்டு. அவற்றை வாங்காதவர் யார்?

பாதுகாப்பு அறிந்தோர் வகுத்த வரிசை ஒன்று இருக்கின்றது. முதலில் ஆபத்தையே அகற்ற முடியுமா என்று பார். முடியாவிடில் ஆபத்து குறைந்த ஒன்றை அதன் இடத்தில் வை. அதற்கடுத்து, பொறிக்கும் மனிதனுக்கும் இடையே தடையை அமை. அதற்குப் பிறகே விதிகளும் பயிற்சியும். எல்லாவற்றுக்கும் கடைசியில் தலைக்கவசமும் கையுறையும். நம் தொழிற்கூடங்களில் இவ்வரிசை தலைகீழாக நிற்கின்றது. சுவரிலே "பாதுகாப்பே முதன்மை" என்று எழுதுவதில் தொடங்கி, ஆளுக்கொரு கவசம் கொடுத்ததோடு முடிந்துவிடுகின்றது. காரணம் வெளிப்படை. வரிசையின் மேற்படிகளுக்குப் பணம் செலவிட வேண்டியவர் முதலாளி. கீழ்ப்படிகளில் தவற வேண்டியவன் தொழிலாளி.

செலவைப் பற்றிச் சட்டம் என்ன கூறுகின்றது? 1949இல் இங்கிலாந்தில் நிலக்கரிச் சுரங்கச் சரிவைப் பற்றிய வழக்கில் ஒரு தராசைக் காட்டினார்கள். ஒரு தட்டில் ஆபத்தை வை. மறு தட்டில் அதனைத் தவிர்க்க ஆகும் பணத்தையும் நேரத்தையும் தொல்லையையும் வை. செலவு சற்றுக் கூடுதல் என்பதால் முதலாளி தப்ப முடியாது. ஆபத்தோடு ஒப்பிட்டால் செலவு பெரிதும் பொருந்தாத அளவுக்கு மிஞ்சியிருந்தாலன்றி, அதனைச் செய்தே தீர வேண்டும். ஆபத்தை எடைபோடும்போது, அது எவருக்கு நேரும் என்பதையும் பார்க்க வேண்டும் என்று 1951ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் வெளியான இன்னொரு தீர்ப்பு சேர்த்துச் சொல்லிற்று. லண்டனில் ஸ்டெப்னி நகராட்சியின் மோட்டார் பட்டறையிலே வேலை செய்தவருக்கு ஒரு கண் முன்பே பயனற்றுப் போயிருந்தது. அதனை நிருவாகம் அறிந்திருந்தது. துருப்பிடித்த போல்ட்டை அவர் சுத்தியலால் அடித்தபோது சிதறிய இரும்புத் துகள் நல்ல கண்ணில் பாய்ந்தது. முழுக் குருடரானார். அந்த வேலைக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கொடுப்பது எங்கும் வழக்கமில்லையே என்றது நகராட்சி. இரு கண் உடையவனுக்கு ஒரு கண் போவதும், ஒற்றைக் கண்ணனுக்கு அதுவும் போவதும் ஒன்றாகுமா என்று கேட்டு, நகராட்சியே பொறுப்பு என்றது பிரபுக்கள் சபை. ஐவரில் மூவர் ஒரு பக்கம், இருவர் மறுபக்கம். மயிரிழையில் கிடைத்த நீதி.

இப்போது போபாலுக்கு வருகிறேன். 1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவு. யூனியன் கார்பைடு ஆலையின் தொட்டியிலிருந்து வெளியேறிய நச்சுப் புகை ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. தொட்டியைக் குளிர்விக்கும் அமைப்பு மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரிக்கும் கோபுரத்தின் குழாய், பழுதுபார்ப்புக்காகக் கழற்றப்பட்டிருந்தது. 1981இலேயே அவ்வாலையில் ஒரு தொழிலாளி நச்சுவாயுவுக்குப் பலியாகியிருந்தார். 1982இல் தாய் நிறுவனம் அனுப்பிய குழுவே குறைபாடுகளைப் பட்டியலிட்டுக் கொடுத்திருந்தது. இத்தனைக்கும் பிறகு, அந்நிறுவனம் உலகுக்குச் சொன்ன விளக்கம் என்ன தெரியுமா? மனக்குறை கொண்ட ஊழியன் ஒருவன் வேண்டுமென்றே தொட்டியில் நீரைப் பாய்ச்சினான் என்பது!

ஒரு வாதத்துக்காக அதனை அப்படியே ஒப்புக்கொள்வோம். நீர் புகுந்தது ஒருவன் கையால் என்றே இருக்கட்டும். குளிர்விப்பானை நிறுத்தியதும் அவன்தானா? எரிகோபுரத்தின் குழாயைக் கழற்றி வைத்ததும் அவன்தானா? அவ்வளவு நச்சை ஒரே இடத்தில், குடிசைகளுக்கு அருகே, தேக்கி வைத்ததும் அவன்தானா? ஒரு மனிதனுடைய ஒரு செயலால் ஒரு நகரம் மாளும் என்றால், அந்த அமைப்பை உருவாக்கியவரின் குற்றம் அதனால் கூடுகின்றதேயன்றிக் குறைவதில்லை. 1989இல் 47 கோடி டாலருக்கு வழக்கு முடிக்கப்பட்டது. 2010 ஜூனில் போபால் நீதிமன்றம் இந்திய நிருவாகிகளுக்கு விதித்த தண்டனை இரண்டாண்டுச் சிறை.

போபாலின் அதிர்ச்சி சட்டத்தை ஓரளவு அசைத்தது என்பதையும் கூற வேண்டும். 1985 டிசம்பரில் டில்லி ஸ்ரீராம் ஆலையில் அமில வாயு கசிந்தது. அந்த வழக்கில் 1986 டிசம்பரில் நீதியரசர் பகவதி தலைமையிலான அரசியல் சட்ட ஆயம், அபாயகரமான தொழில் நடத்துபவர் அதனால் விளையும் தீங்குக்கு எவ்விதச் சாக்கும் கூறாமல் முழுப் பொறுப்பு ஏற்க வேண்டும் என்றும், நிறுவனம் எவ்வளவு பெரியதோ அவ்வளவுக்கு நட்டஈடும் பெரியதாக இருக்க வேண்டும் என்றும் அறிவித்தது. 1987இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. "ஆக்குபையர்" என்று சட்டம் அழைக்கும் முதற்பொறுப்பாளராக, நிறுவனத்தின் இயக்குநர் ஒருவரே இருக்க வேண்டும் என்றாயிற்று. மேலாளரைக் காட்டிவிட்டு ஒதுங்கப் பார்த்த நிறுவனங்கள் உச்ச நீதிமன்றம் வரை சென்றன. 1996இல் அம்மன்றமும் இயக்குநர்தான் என்றே உறுதிசெய்தது. செங்ஹெனித்தில் மேலாளர் தலையில் விழுந்த பழி, இங்கே ஏட்டளவிலாவது உரியவர் இருக்கைக்கு வந்து சேர்ந்தது.

உடனே வேறொரு வழி கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குப் பெயர் காண்ட்ராக்ட்.

கழிவுநீர்க் குழியிலே இறங்கி மூச்சுத் திணறிச் சாகின்றவர்களை எண்ணுங்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புக் கருவியின்றி எவரையும் நேராகவோ மறைமுகமாகவோ அங்கே இறக்கக் கூடாது என்கின்றது. 2014இல் உச்ச நீதிமன்றம், இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் என்றது. 2023 அக்டோபரில் அதனை முப்பது இலட்சமாக உயர்த்திற்று. ஆனால் ஒரு சாவு நேர்ந்தவுடன் நடப்பது என்ன? வீட்டுக்காரரோ, நிறுவனமோ, நகராட்சியோ, ஒப்பந்தக்காரரைக் காட்டுகின்றனர். ஒப்பந்தக்காரர் துணை ஒப்பந்தக்காரரைக் காட்டுகின்றார். துணை ஒப்பந்தக்காரரோ, கயிறு கட்டிக்கொள்ளாமல் இறங்கினான் என்று செத்தவனைக் காட்டுகின்றார். 1837இல் ஒரே படியில் நடந்தது, இன்று பல படிகளில் நடக்கின்றது; போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்.

இதனோடு இன்னொன்றும் நடந்திருக்கின்றது, பலர் கவனிக்கவில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்துக்குப் பதிலாக, 2020இல் நிறைவேறிய தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டத்தில், மின்விசையோடு பத்துப் பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலை. புதியதில் இருபது பேர் வேண்டும். மின்விசை இல்லாத இடத்துக்கு இருபது என்பது நாற்பதாயிற்று. பதினைந்து பேர் வேலை செய்கின்ற பிரஸ் பட்டறை "தொழிற்சாலை" என்ற பெயரையே இழக்கின்றது. விரல் போவது பெரிய ஆலைகளைவிட இத்தகைய பட்டறைகளில்தான் எளிது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாற்றத்தை ஆதரிப்பவர்கள், சிறு தொழில் மூச்சுவிடட்டும் என்கின்றனர். சிறு முதலாளிகளின் கடனும் வட்டியும் எனக்குத் தெரியாதவை அல்ல. ஆனால் அவர்கள் மூச்சுவிடுவதற்கான செலவைத் தொழிலாளியின் விரலிலிருந்து வசூலிக்க வேண்டியதில்லை. குறைந்த வட்டியில் கடன் கொடுத்துக் காப்புள்ள பொறியை வாங்கச் செய்யலாமே!

இனிச் சங்கத்தில் பணிபுரியும் உங்களுக்கு ஒரு செய்தி. இதற்காகவே இவ்வளவு தூரம் வந்தேன். நான் கூறிய வழக்குகள் பலவற்றில் வெற்றி தோல்வியை அறுதியிட்டது ஒரே கேள்வி: முதலாளிக்குத் தெரியுமா? ஸ்டெப்னி நகராட்சிக்கு ஒற்றைக் கண் தெரிந்திருந்தது, ஆகவே பொறுப்பு. நியூயார்க் முதலாளிகளுக்குக் கதவு பூட்டியிருந்தது தெரியும் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை, ஆகவே விடுதலை. வாயால் நாம் நூறு முறை முறையிட்டிருப்போம். விபத்துக்கு மறுநாள் அது காற்றோடு போயிருக்கும்.

ஆகவே எழுதுங்கள். காப்பு கழன்று கிடந்தால், எந்தப் பொறி, எந்த நாள், எத்தனை மணி என்று எழுதுங்கள். கை தப்பியது, கல் பக்கத்தில் விழுந்தது, வயர் உரசிப் பொறி பறந்தது என்று உயிர்ச்சேதம் இல்லாமல் போன நிகழ்ச்சிகளையும் விடாதீர்கள். அவை வரப்போவதன் முன்னோலை. இரண்டு படி எடுங்கள். ஒன்றை மேலாளரிடம் கொடுத்து, மற்றொன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பமும் தேதியும் வாங்குங்கள். கையொப்பமிட மறுத்தால், சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும் வகையில் தபாலில், இயக்குநர் பெயருக்கு அனுப்புங்கள். ஒரு படி ஆய்வாளர் அலுவலகத்துக்கும் போகட்டும். ஒப்பந்தத் தொழிலாளர் கையொப்பமிட அஞ்சுவர். அவர்கள் பெயரை எழுதாமல், சங்கத்தின் பெயரால் நீங்கள் எழுதுங்கள். அந்தச் சான்றுகளை ஒரு கோப்பில் அடுக்கி, ஆண்டுவாரியாகச் சங்க அலுவலகத்தில் பூட்டி வையுங்கள். சாவி இருவரிடம் இருக்கட்டும்.